வீணை எஸ். பாலச்சந்தர்

இக்கட்டுரை வீணைக் கலைஞரும் 'அந்த நாள்' திரைப்படத்தின் இயக்குநருமான எஸ். பாலச்சந்தரைப் பற்றியது. 'எதிர்நீச்சல்', 'அபூர்வ ராகங்கள்' முதலிய படங்களை இயக்கிய கே. பாலச்சந்தர் (1930 - 2014) வேறொருவர்.

வீணை எஸ். பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) தமிழ்நாட்டைச் சேர்ந்த வீணைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் ஆவார். இசை உலகில் இவர் வீணை வாசிப்பிற்காக அறியப்படுகிறார். தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இவர் பெயர் நிலைத்திருப்பதற்கு 1954 ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' என்னும் ஒரே படம் போதும். பாடல், நடனம், சண்டைக் காட்சி எதுவும் இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் என்று இப்படம் வழக்கமாகக் குறிக்கப்படுகிறது. அதைக் காட்டிலும் முக்கியமான ஒன்று உண்டு. ஒருவர் நினைவுகூர்ந்து சொல்லும் கதையைத் திரையில் கண்ணால் பார்த்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்கு முதன்முதலில் அழுத்தமாக உணர்த்திய படமும் இதுவே எனலாம். மனித மனத்தின் ஐயங்களையும் சாட்சியங்களின் நம்பகமின்மையையும் கருவாகக் கொண்ட உளவியல் மர்மப் படங்களின் தமிழ் வரலாறு பாலச்சந்தரிடமிருந்தே தொடங்குகிறது.

இளமை

பாலச்சந்தர் சென்னையில் சுந்தரம் ஐயர் என்னும் வழக்கறிஞருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். மயிலாப்பூரில் இருந்த இவர்களது வீட்டிற்குப் பாபநாசம் சிவன் உள்ளிட்ட இசைவாணர்கள் வந்து செல்வது வழக்கம். பாலச்சந்தரின் அண்ணன் எஸ். ராஜம் பாபநாசம் சிவனிடம் இசை பயின்றார். கோடீசுவர ஐயரின் மேளகர்த்தா கீர்த்தனைகளைப் பரப்பியவரும், சங்கீத மும்மூர்த்திகளின் உருவங்களை வரைந்து புகழ் பெற்ற ஓவியருமான ராஜம் இவரே. சகோதரி எஸ். ஜெயலட்சுமி பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதருடன் 'சிவகவி' (1943) படத்தில் நடித்தார்.

1934 இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' என்ற படத்தில் ஏறத்தாழ இக்குடும்பம் முழுவதுமே நடித்தது. ராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சுந்தரம் ஐயர் சனகராகவும் தோன்றினர். உடன்பிறந்த இருவர் இராமனாகவும் சீதையாகவும் நடித்தது அக்காலத்தில் முணுமுணுப்பை ஏற்படுத்தியதாகச் சொல்வர். ஏழு வயதுச் சிறுவனான பாலச்சந்தரும் கஞ்சிரா வாசிப்பவனாக அப்படத்தில் தலைகாட்டினார். அந்த வயதிலேயே அவர் மேடைகளில் கஞ்சிரா வாசிக்கும் அளவிற்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்.

கஞ்சிராவைத் தொடர்ந்து தபலா, ஆர்மோனியம், தில்ரூபா, சித்தார் எனப் பல கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர் கற்றுத் தேர்ந்தார். இவற்றில் பெரும்பாலானவற்றை எந்த ஆசிரியரிடமும் முறையாகப் பயிலவில்லை. சதுரங்க ஆட்டத்திலும் சிறுவயதிலேயே பெயர் பெற்றிருந்தார். அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கணித்து நகர்த்த வேண்டிய அவ்வாட்டத்தின் மீது அவருக்கு இருந்த பற்று, பின்னாளில் அவர் அமைத்த திரைக்கதைகளைப் பார்க்கும்போது வியப்பளிப்பதில்லை.

பதினைந்து வயதளவில் சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியில் சேர்ந்தார். வானொலியில் இருந்த ஆண்டுகளிலேயே வீணையின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. இக்கருவியையும் ஆசிரியர் இன்றித் தாமாகவே கற்றுக்கொண்டார்.

அவர் வானொலியில் பணியாற்றிய காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பானியப் படை வங்காள விரிகுடாவில் ஆதிக்கம் செலுத்திய 1942 ஏப்ரலில் சென்னை மக்களில் பெரும் பகுதியினர் நகரை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு, 1943 அக்டோபர் 11 அன்று இரவு, ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மீது குண்டுகளை வீசிச் சென்றது. சேதம் பெரிதல்ல. முதலாம் உலகப் போரில் 1914 இல் எம்டன் கப்பல் சென்னை மீது நடத்திய தாக்குதல் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டதைப் போல, இந்த 1943 ஆம் ஆண்டுத் தாக்குதல் மக்கள் நினைவில் தங்கவில்லை. அப்போது பாலச்சந்தருக்கு வயது பதினாறு. பதினோர் ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த படம் அந்த இரவிலிருந்தே தொடங்குகிறது. அதன் நாயகனும் ஒரு வானொலிப் பொறியியலாளன்.

திரைத்துறையில்

நாற்பதுகளின் பிற்பகுதியில் பாலச்சந்தர் மீண்டும் திரைத்துறைக்கு வந்தார். 1948 இல் வெளிவந்த 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். 'வொண்டர் மேன்' (1945) என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவிய கதை அது. கொலையுண்ட சகோதரனின் ஆவி உயிரோடிருக்கும் சகோதரனை ஆட்டி வைப்பதும், கண்ணுக்குத் தெரியாத ஒருவனோடு நாயகன் பேசுவதைப் பார்த்து ஊரார் அவனைப் பித்தன் என்று கருதுவதும் படத்தின் நகைச்சுவைக்கு அடிப்படை. அதே ஆண்டில் 'என் கணவர்' என்ற படத்தின் மூலம் தமது இருபத்தோராம் வயதில் இயக்குநரும் ஆனார். 1951 இல் ஜூபிடர் நிறுவனத்திற்காக 'கைதி' என்ற படத்தை இயக்கினார். 'ராணி' (1952), 'பெண்' (1954) முதலிய படங்களில் நடித்தார். 'பெண்' படத்தில் ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா ஆகியோருடன் நடித்த அவருக்காக ஜே. பி. சந்திரபாபு பாடிய பாடல் மிகவும் புகழ் பெற்றது.

பாலச்சந்தருடன் தொடர்புடைய படங்களின் பெயர்களை வரிசையாகப் படிப்போருக்கு ஒன்று புலப்படும். அவர் நடித்தது 'இது நிஜமா' (1948). இயக்கியவற்றுள் 'எது நிஜம்' (1956), 'அவனா இவன்' (1962) என்பன உள்ளன. மூன்று பெயர்களும் வினாக்கள். மூன்றும் கண்ணால் காண்பதை நம்பலாமா என்ற ஒரே வினாவின் வேறு வடிவங்கள். திட்டமிட்டு வைத்த பெயர்கள் என்று கூற இயலாது. எனினும் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வருவதில்லை.

அந்த நாள்

1952 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட பிற நகரங்களிலும் நடைபெற்றது. விழாவில் திரையிடப்பட்ட படங்களுள் அகிரா குரோசாவா இயக்கிய 'ராஷோமோன்' (1950) ஒன்று. முந்தைய ஆண்டு வெனிசு திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றிருந்த இந்த ஜப்பானியப் படத்தில், காட்டில் நடந்த ஒரு கொலையைப் பற்றி நால்வர் நான்கு விதமாகச் சாட்சி சொல்கின்றனர். எது உண்மை என்பது இறுதி வரை தீர்க்கப்படுவதில்லை. இப்படம் பாலச்சந்தரை மிகவும் பாதித்தது. அதன் தாக்கத்தில் ஒரு கதையை உருவாக்கி முதலில் வானொலி நாடகமாக அளிக்க முயன்றார், அது ஏற்கப்படவில்லை. பின்னர் அதையே ஏவிஎம் நிறுவனத்தின் ஏ. வி. மெய்யப்பனிடம் கொண்டு சென்றார். பாடல்களே இல்லாத படம் என்ற யோசனைக்கு, ஐம்பது பாடல்கள் கொண்ட படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு துறையில், ஒரு பெரிய நிறுவனம் இணங்கியதே வியப்பிற்குரியது. திரைக்கதையையும் உரையாடலையும் ஜாவர் சீதாராமன் எழுதினார். படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே.

நாயகன் வேடத்தில் முதலில் கல்கத்தாவைச் சேர்ந்த விசுவநாதன் என்ற நடிகரை வைத்துச் சில பகுதிகள் படமாக்கப்பட்டன. மெய்யப்பனுக்கு அதில் நிறைவு ஏற்படாததால் அவை கைவிடப்பட்டு, சிவாஜி கணேசன் ஒப்பந்தம் செய்யப்பட்டார். 'பராசக்தி' (1952) வெளியாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், வளர்ந்து வரும் நாயக நடிகர் ஒருவர் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க ஒப்புக்கொண்டது துணிச்சலான முடிவு.

படத்தின் தொடக்கத்திலேயே நாயகன் ராஜன் (சிவாஜி கணேசன்) துப்பாக்கியால் சுடப்பட்டு இறக்கிறான். குண்டுவீச்சு நடந்த மறுநாள் அவனது வீட்டில் பிணம் கிடக்கிறது. விசாரணை தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சின்னையா பிள்ளை (பி. டி. சம்பந்தம்), ராஜனின் தம்பி பட்டாபி (டி. கே. பாலச்சந்திரன்), பட்டாபியின் மனைவி ஹேமா (ஏ. எல். மேனகா), ராஜனோடு தொடர்பிலிருந்த அம்புஜம் (கே. சூரியகலா) ஆகியோர் ஒவ்வொருவராகத் தாம் அறிந்ததைக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றும் ஒரு பின்னோக்குக் காட்சியாக விரிகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் விரல் இன்னொருவரைச் சுட்டுகிறது. பணத்திற்காகத் தம்பியே கொன்றிருக்கலாம் என்கிறது ஒரு கதை. சொத்துக்காக அத்தம்பியின் மனைவி கொன்றிருக்கலாம் என்கிறது அடுத்தது. சுட்டிய விரல் சுற்றிச் சுற்றி வந்து முதலில் சாட்சி சொன்னவரிடமே நிற்கிறது. இறுதியில் ராஜனின் மனைவி உஷா (பண்டரிபாய்) பேசுகிறாள். விலை குறைந்த வானொலிப் பெட்டி ஒன்றை வடிவமைத்து, அதற்கு உள்நாட்டில் ஆதரவு கிடைக்காமல் கசந்துபோன அறிவாளியே ராஜன் என்பதும், அக்கசப்பினால் ஜப்பானியருக்கு உளவு சொல்பவனாக அவன் மாறியதும், நாட்டுப்பற்று மிக்க மனைவி அவனைத் தடுக்க முயன்றபோது அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடித்ததும் அப்போதுதான் தெரிய வருகிறது.

ராஷோமோனுடன் ஓர் ஒப்பீடு

'அந்த நாள்' படத்தை 'ராஷோமோன்' படத்தின் தழுவல் என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவது வழக்கம். இது முழுவதும் சரியன்று. ராஷோமோனில் நிகழ்ச்சி ஒன்றுதான். அதே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் மாற்றிச் சொல்கின்றனர். எனவே அக்கூற்றுகளுள் அதிகமாகப் போனால் ஒன்றே உண்மையாக இருக்க முடியும். 'அந்த நாள்' படத்திலோ ஒவ்வொருவரும் ராஜனைப் பற்றிய வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் கூறுகின்றனர். அந்நிகழ்ச்சிகள் அனைத்தும் நடந்தவையாகவே இருக்கலாம். பிழை நிகழ்ச்சிகளில் இல்லை, அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் எட்டும் முடிவில் இருக்கிறது. தம்பி கண்ட அண்ணன் வேறு, அம்புஜம் கண்ட காதலன் வேறு, மனைவி கண்ட கணவன் வேறு. ஒரே மனிதனைப் பற்றிய இந்த நினைவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே படத்தின் உண்மையான மர்மம். கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்ப்போருக்கும் படம் சுவை குன்றாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. ராஷோமோனில் இறந்தவனும் ஓர் ஆவி வாக்காளர் வழியாகச் சாட்சி சொல்கிறான். 'அந்த நாள்' படத்தில் ராஜனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவனைப் பற்றி நாம் அறிவன யாவும் பிறர் நினைவில் எஞ்சியவையே. குரோசாவா உண்மையைத் தீர்க்காமல் விட்டார்; பாலச்சந்தரும் ஜாவர் சீதாராமனும் தீர்த்து வைத்தனர். அன்றைய தமிழ்ப் பார்வையாளரை முற்றிலும் விடையின்றி அனுப்பிவிடத் துணியாமை இதற்குக் காரணமாக இருக்கலாம். இந்த முடிவு படத்தின் கூர்மையைச் சற்றுக் குறைக்கவும் செய்கிறது. நால்வர் நினைவுகளை ஐயுற்றுக் கேட்கப் பழகிய பார்வையாளர், ஐந்தாவதாகப் பேசும் உஷாவின் நினைவை மட்டும் ஏன் முழுவதும் நம்ப வேண்டும் என்ற கேள்வியைப் படம் எழுப்புவதில்லை. இறந்தவரைப் பற்றிப் பலர் பலவாறு சொல்லும் உத்தி அமைந்த 'தி உமன் இன் குவெஸ்சன்' (1950) என்ற பிரித்தானியப் படத்துடனும் 'அந்த நாள்' ஒப்பிடப்படுவதுண்டு. அமைப்பளவில் இந்த ஒப்பீடே கூடுதலாகப் பொருந்துகிறது.

நினைவு என்பது பதிவு செய்து வைத்த ஒலித்தட்டைப் போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதைப் பிரித்தானிய உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காட்டியிருந்தார். அயல்நாட்டுக் கதை ஒன்றைப் படித்தவர்கள் அதை நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும்போது, தமக்குப் பழக்கமானவற்றுக்கு ஏற்ப அதை மாற்றிவிடுவதை அவர் கண்டார். மறதி, நினைவுப் பிறழ்வு ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட படங்கள் நாற்பதுகளில் ஆலிவுட்டில் பெருகின. நினைவிழந்த ஒருவன் தானே கொலையாளியோ என்று அஞ்சும் கதையைக் கொண்ட ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) அவற்றுள் புகழ் பெற்றது. பிரெஞ்சு விமரிசகர்கள் 'பிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று பெயரிட்ட வகையின் ஒளியமைப்பு 'அந்த நாள்' படத்தில் நன்கு தெரிகிறது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் முகங்களைப் பாதி இருளில் நிறுத்துகிறார். தாழ்வான கோணங்களிலிருந்து அறைகளைக் காட்டுகிறார். பாடல் இல்லாத குறையை இந்த நிழல்களே நிரப்புகின்றன.

வரவேற்பு

'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியிடப்பட்டது. பத்திரிகைகள் பாராட்டின. வணிக நோக்கில் படம் வெற்றி பெறவில்லை. பாடலை எதிர்பார்த்து வந்தோருக்கு ஏமாற்றம். நாயகன் முதற் காட்சியிலேயே இறப்பதும் பலருக்கு உவப்பாக இல்லை. 1954 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படத்துக்கான தகுதிச் சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. அவ்வாண்டு தமிழில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது 'மலைக்கள்ளன்'. விருதிற்குப் பின் 'அந்த நாள்' மீண்டும் திரையிடப்பட்டபோது வரவேற்பு கூடியது.

வாழ்நாள் முழுவதையும் இசைக்கு அளித்த ஒருவர் பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பது முரணாகத் தோன்றலாம். இசையை நன்கு அறிந்தவராதலால், அது எங்கே தேவையில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். விசாரணையின் நடுவே ஒரு பாடல் வந்தால் அதுவரை சேர்த்து வைத்த ஐயம் கரைந்துபோகும். இந்த எளிய உண்மையைத் தமிழ்த் திரையுலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. 'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995) போன்று பாடலற்ற படங்கள் பின்னர் அரிதாகவே வந்தன.

பிற மர்மப் படங்கள்

'அந்த நாள்' படத்திற்குப் பின் பாலச்சந்தர் இயக்கிய 'எது நிஜம்' (1956), 'அவன் அமரன்' (1958) ஆகியவை பெரிதாகப் பேசப்படவில்லை. அறுபதுகளில் அவர் சொந்தமாகவே படம் தயாரிக்கத் தொடங்கினார். தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு ஆகிய நான்கையும் தாமே ஏற்றார். 'அவனா இவன்' (1962) படத்தில் ஒரு கொலையைக் காண நேரும் சிறுவர்களின் வழியாகக் கதை நகர்கிறது. பெரியவர்கள் நம்ப மறுக்கும் சாட்சிகள் என்ற வகையில் இதுவும் அவரது பழைய கருவின் தொடர்ச்சியே.

1964 செப்டம்பர் 25 அன்று வெளிவந்த 'பொம்மை' வேறு வகைப்பட்டது. தொழிலதிபர் ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு மறைத்து வைக்கப்பட்ட பொம்மை ஒன்று, கொண்டு சேர்க்க வேண்டிய இடத்திற்குச் செல்லாமல் கை மாறிக்கொண்டே போகிறது. ஹிட்ச்காக்கின் 'சபோட்டாஜ்' (1936) படத்தின் சாயல் இதில் உண்டு. பொம்மைக்குள் என்ன இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும். கதை மாந்தருள் பலருக்குத் தெரியாது. மர்மத்திற்கும் பதற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு இப்படம். 'அந்த நாள்' பார்வையாளரிடமிருந்து மறைக்கிறது, 'பொம்மை' பார்வையாளரிடம் மட்டும் சொல்கிறது. படத்தின் இறுதியில் இயக்குநரே திரையில் தோன்றி நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் அறிமுகப்படுத்துவது அக்காலத்தில் புதுமை. கே. ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரையில் பாடி முதலில் வெளிவந்த பாடல் இப்படத்தில்தான் இடம்பெற்றது.

'பொம்மை' வெளிவருவதற்கு இரு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 12 அன்று, தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை' வெளியாயிற்று. அதில் நாயகன் தன் முதல் மனைவியின் இறப்பைப் பற்றிச் சொல்லும் பின்னோக்குக் கதையில் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறான். பார்வையாளரும் அவன் சொன்னதை நம்பிவிடுகின்றனர். நாயகன் சிவாஜி கணேசனே. பத்தாண்டுகளுக்கு முன் 'அந்த நாள்' விதைத்த ஐயம் வண்ணப் படத்தில், பாடல்களுடன், பெரும் வெற்றியாக விளைந்தது. பிற்காலத்தில் ஒரே நிகழ்ச்சியை இருவர் இரு விதமாகக் கூறும் 'விருமாண்டி' (2004), நினைவு சில நிமிடங்களுக்கு மேல் தங்காத ஒருவனின் பழிவாங்கலைக் கூறும் 'கஜினி' (2005) ஆகியவை இவ்வகையைப் பெருந்திரள் பார்வையாளரிடம் கொண்டு சென்றன. பின்னதற்கு 'மெமென்டோ' (2000) என்ற அமெரிக்கப் படம் தூண்டுகோல்.

பாலச்சந்தரின் கடைசிப் படம் 'நடு இரவில்' (1970). அகதா கிறிஸ்டி 1939 இல் எழுதிய புகழ் பெற்ற புதினத்தைத் தழுவியது. தீவு மாளிகை ஒன்றில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகின்றனர். மேஜர் சுந்தரராஜன், சௌகார் ஜானகி, சோ, வி. எஸ். ராகவன் முதலியோர் நடித்தனர். மனநிலை பாதிக்கப்பட்ட மனைவியாகப் பண்டரிபாய் தோன்றினார். அறுபதுகளின் நடுவிலேயே எடுக்கப்பட்ட படம் வாங்குவாரின்றிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதே புதினத்தின் சாயலில் இந்தியில் எடுக்கப்பட்ட 'கும்நாம்' 1965 இலேயே வெளியாகி வெற்றியும் பெற்றுவிட்டது. 'நடு இரவில்' படத்துடன் பாலச்சந்தர் திரைப்படங்கள் இயக்குவதை விட்டு விலகினார். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயதுதான். சொந்தப் பணத்தைப் போட்டு, புரிந்துகொள்ளும் விநியோகத்தரைத் தேடி அலைந்த இயக்குநர் அவர். வேறொரு கலை அவர் கையில் இல்லாதிருந்தால் இந்த விலகல் இவ்வளவு எளிதாக நிகழ்ந்திருக்காது.

வீணை

பாலச்சந்தரின் வீணைப் பாணி தஞ்சாவூர், மைசூர் முதலிய மரபுகள் எதிலும் அடங்காதது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல சுரங்களை எழுப்பும் முறையை அவர் வெகுதூரம் கொண்டு சென்றார். இதனால் வாய்ப்பாட்டின் கமகங்களுக்கு மிக நெருக்கமான ஒலி கிடைத்தது. விரைவைக் காட்டிலும் ஆலாபனையின் நிதானத்தையே விரும்பினார். 1960களில் அமெரிக்காவில் வெளியான அவரது இசைத்தட்டுகள் வீணையைப் பிற நாட்டினருக்கு அறிமுகப்படுத்தின. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் இசைத்துப் பதிவு செய்தது அவரது பெரும் பணிகளுள் ஒன்று. அண்ணன் ராஜம் அதே 72 இராகங்களில் அமைந்த கோடீசுவர ஐயரின் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. இந்திய அரசு 1982 இல் பாலச்சந்தருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

சர்ச்சைகள்

பாலச்சந்தர் யாருக்கும் அஞ்சாதவர் என்று நண்பர்களாலும், சண்டைக்காரர் என்று மற்றவர்களாலும் அறியப்பட்டார். எழுபதுகளில் எம். பாலமுரளிகிருஷ்ணா புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறியதை அவர் கடுமையாக மறுத்தார். மிகக் குறைந்த சுரங்களைக் கொண்டவை இராகம் என்ற தகுதி பெறுமா, அவற்றைப் படைப்பு என்று உரிமை கோரலாமா என்ற வாதம் இசை உலகைச் சில காலம் இரு கூறாக்கியது.

எண்பதுகளில் எழுந்த சர்ச்சை இதனினும் பெரிது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813 - 1846) பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் அவர் இயற்றியவை அல்ல என்றும், அந்த மன்னர் இசைப்புலவர் என்ற பிம்பமே இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது என்றும் பாலச்சந்தர் வாதிட்டார். அக்கீர்த்தனைகளைப் பதிப்பித்துப் பரப்புவதில் முன்னின்ற செம்மங்குடி சீனிவாச ஐயரோடு இதனால் கடும் மோதல் ஏற்பட்டது. அறிஞர் பலர் பாலச்சந்தரின் முடிவை ஏற்கவில்லை. மன்னர் கீர்த்தனைகள் இயற்றியதற்குச் சான்றுகள் உண்டு என்று அவர்கள் மறுத்தனர். அதே வேளையில், அக்கீர்த்தனைகளுள் பலவற்றிற்கு இப்போது வழங்கும் இசை வடிவம் முத்தையா பாகவதர், செம்மங்குடி ஆகியோரால் அமைக்கப்பட்டது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. வாதத்தில் பாலச்சந்தர் அளவு கடந்து சென்றார் என்றே கூற வேண்டும். ஆனால் ஒரு செய்தி பலர் வாயில் வழங்குவதாலேயே உண்மையாகிவிடுமா, முதல் சாட்சி யார், அவர் சொன்னதற்கு ஆவணம் எங்கே என்று அவர் அடுக்கிய கேள்விகள், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரது படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தம் கேட்டவற்றை ஒத்திருந்தன.

மறைவு

1990 ஏப்ரலில் கச்சேரி நிமித்தம் பிலாய் நகரத்திற்குச் சென்றிருந்தபோது பாலச்சந்தருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 13 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 63. பிலாய் அக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. 2000 முதல் சத்தீசுகர் மாநிலத்தைச் சேர்ந்தது. சரியாக 36 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் 'அந்த நாள்' திரைக்கு வந்தது. பாலச்சந்தரின் வாழ்க்கை வரலாற்றை விக்ரம் சம்பத் ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார். அது 2012 இல் வெளிவந்தது.